ஹாம்ஸ்டருக்கு விளையாட்டுச் சாமான் குப்பை வாளிக்குள்ளயே கிடக்கு

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். டொய்லெட் பேப்பர் ரோலை அப்பிடியே தூக்கிக் கூட்டுக்குள்ள போட்டிடாதேங்கோ. ஹாம்ஸ்டருக்கு (கூட்டில வளக்கிற எலி மாதிரிச் சின்னப் பிராணி) வீட்டில என்ன செய்து குடுக்கலாம் எண்டு தேடினா முதல்ல வாற படமே அதுதான், ரோலுக்குள்ளால மூஞ்சியை நீட்டிக்கொண்டு ஒண்டு வடிவாப் பாத்துக்கொண்டிருக்கும். நானும் பாத்திட்டு அதையேதான் செய்தனான்.

எங்கட வீட்டு ஆள் ஒரு சிரியன் ஹாம்ஸ்டர், பேர் கடலை, வறுத்த கடலை நிறம் எண்டபடியா மகள் வைச்ச பேர். வந்து ரெண்டு கிழமை இருக்கும், ஒரு நாள் இரவு பத்தரை போல ரெண்டு கன்னத்துக்குள்ளயும் சூரியகாந்தி விதையை அடைஞ்சுகொண்டு ரோலுக்குள்ள பூந்தவர் நடுவில நிண்டிட்டார். முன்னுக்கும் போகேலாது பின்னுக்கும் வரேலாது, பின்னங்கால் ரெண்டும் அடிக்குது, ரோல் கூட்டுக்குள்ள உருளுது. மகள் ஃபோன் டோர்ச்சைப் பிடிக்க நான் நகம் வெட்டிற சின்னக் கத்தரிக்கோலால விளிம்பில இருந்து மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டு போனன், ஒவ்வொரு வெட்டுக்கும் அவற்ர மயிர் கத்தரிக்கோலில படுது, எனக்குக் கை நடுங்கினது இப்பவும் ஞாபகம். வெளிய வந்தவர் என்ன செய்தவர் தெரியுமோ, எங்களுக்கு முன்னால குந்தியிருந்து கன்னத்தில இருந்த விதையை ஒண்டொண்டா வெளிய எடுத்து வைச்சார். பதினொண்டு. மகள் எண்ணினவ. பிறகு வெட்டின அதே ரோலை இழுத்துக்கொண்டு போய் கடிக்கத் தொடங்கிட்டார்.

அண்டைக்குப் பிறகுதான் அளவுகோலை எடுத்து எல்லாத்தையும் அளக்கத் தொடங்கினன். சாதாரண டொய்லெட் ரோல் குறுக்கால 4, நாலரை சென்ரிமீற்றர் தான் இருக்கும். வளந்த சிரியனுக்குக் குறைஞ்சது 7 சென்ரிமீற்றர் வாசல் வேணும், ஏனெண்டா கன்னப்பை நிரம்பினா தலை உடம்பைவிட அகலமாப் போகும். ட்வார்ஃப் எண்டு சொல்லுற சின்ன வகையளுக்கு 5 சென்ரிமீற்றர் காணும். நீங்கள் எதைச் செய்தாலும் இந்த 7ஐயும் 5ஐயும் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

அப்ப ரோல் பிரயோசனம் இல்லையோ எண்டா, நல்ல பிரயோசனம், நாங்கள் மாத்திச் செய்ய வேணும், அவ்வளவுதான். ரெண்டு ரோலை எடுத்து நீளவாக்கில வெட்டி விரியுங்கோ. ஒவ்வொண்டும் விரிச்சா பதின்மூண்டரை சென்ரிமீற்றர் போல வரும், ரெண்டையும் சேத்தா 27. ரெண்டு பக்க மூட்டிலயும் 2 சென்ரிமீற்றர் ஒண்டுக்கு மேல ஒண்டு வாற மாதிரி ஒட்டினா 23 மிஞ்சும், அதை உருட்டினா குறுக்கால 7 சொச்சம் வரும். சிரியனுக்குச் சரியான சுரங்கம். மகளுக்கு வட்டத்தின்ர சுற்றளவு விளங்கினது இப்பிடித்தான், ரியூஷன் சேருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

ஒட்டிறதுக்கு என்ன எண்டா கோதம்ப மாப் பசை தான். ஒரு பங்கு மாவுக்கு அஞ்சு பங்கு பச்சைத்தண்ணி, கட்டியில்லாமக் கரைச்சுப்போட்டு சின்ன நெருப்பில வைச்சுக் கிண்ட, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வரும், அப்ப இறக்குங்கோ. சின்ன வயசில பட்டம் ஒட்டின அதே பசைதான், காலிமுகத்திடலில காத்துக் காலத்தில பறக்கிற பட்டங்களைப் பாக்கேக்கயெல்லாம் எனக்கு அந்த மணம் வரும். பூச்சி வராம இருக்கப் பழைய ஆக்கள் இதுக்குள்ள துரிசு போடுறவை, அது நஞ்சு, ஹாம்ஸ்டருக்குச் செய்யிறதுக்குள்ள அந்தக் கதையே வேண்டாம். செலோடேப், ஹொட் குளூ, கடையில விக்கிற வாசப் பசை ஒண்டும் வேண்டாம், ஏனெண்டா இவர் எதையும் முதல்ல கடிச்சுத்தான் பாப்பார். ஒட்டின பிறகு ஒரு முழு நாள் காய விடுங்கோ. கொழும்புப் புழுக்கத்துக்குத் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்க ஈரமா இருக்கும், அந்த ஈரத்தோட கூட்டுக்குள்ள வைச்சா மூண்டாம் நாள் பூஞ்சணம் பிடிச்சிடும். நான் ஃபானுக்குக் கீழ வைச்சிட்டு விடிய பல்கனி வெயிலில ஒருக்கா காட்டுவன்.

இப்ப ஏன் இவ்வளவு கஷ்டம், கடையில கலர் கலரா விக்குது தானே எண்டு கேப்பீங்கள். நானும் வாங்கினனான். சறுக்கி, ஊஞ்சல், சின்ன பிளாஸ்டிக் வீடு, அதுக்கு ஒரு ஜன்னல் வேற. ஒருநாளும் அவர் சறுக்கினதில்லை. அது எங்கட கண்ணுக்குச் செய்த சாமான். ஹாம்ஸ்டருக்கு வேண்டியது மூண்டு நாலு வேலை தான், தோண்டிறது, கடிக்கிறது, ஒளிக்கிறது, சாப்பாட்டைத் தேடிக் கொண்டுபோய்ப் பதுக்கிறது. காட்டில இருக்கிற சிரியன் ஹாம்ஸ்டர் சிரியா துருக்கி எல்லைப் பக்கத்து வறண்ட வயல்களில அரை மீற்றருக்கும் மேல ஆழமா வளை தோண்டி இருக்கிறது. 1930ல அலெப்போவுக்குப் பக்கத்தில பிடிச்ச ஒரு தாயும் குட்டிகளும் தான் இண்டைக்கு உலகம் முழுக்க வீடுகளில இருக்கிற சிரியன்களில பெரும்பாலானதுக்கு மூதாதை. அந்த வம்சத்தைக் கொண்டு வந்து வெள்ளவத்தை ஃபிளாட்டில வைச்சிட்டு ஊஞ்சல் ஆடு எண்டா ஆடுமோ?

அதால முதல் விளையாட்டுச் சாமான் எண்டா அது ஆழம் தான். ஒரு மூலையில எண்டாலும் 20, 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கடதாசிப் பெடிங்கோ (கூட்டுக்குள்ள மெத்தை மாதிரிப் பரப்பிறது) மரத்தூள் சுருளோ (வாசம் போட்டதும் சீடர் மரமும் வேண்டாம், மூச்சுக்குக் கூடாது) போட்டு அமத்தி விடுங்கோ. கூடு அவ்வளவு ஆழமில்லை எண்டா ஒரு காட்போட் பெட்டியைத் தோண்டிற பெட்டியா வைக்கலாம். பெட்டியில இருக்கிற கம்பிப் பின் எல்லாத்தையும் குறடால கழட்டி, டேப்பை உரிச்சு, பக்கத்தில 7 சென்ரிமீற்றர் வட்டம் ஒண்டு வெட்டி, உள்ளுக்க தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) நிரப்பிறது. தும்புச்சோறு எங்கட நாட்டில தாராளமாக் கிடைக்கும், கன்று விக்கிற கடையளில கட்டியா விக்கிறாங்கள், தண்ணியில ஊறவிட்டா பொங்கிப் பொங்கி வரும். பசளை கலக்காததோ எண்டு மட்டும் கேட்டு வாங்குங்கோ, உப்புப் போக ரெண்டு மூண்டு தரம் அலசி, பிழிஞ்சு, நல்ல வெயிலில காயவிட்டு, கையில பிடிச்சா ஒட்டாமக் கொட்டுற பதம் வரேக்க போடுங்கோ. தும்பு நீள நீளமாக் கிடந்தா எடுத்திடுங்கோ, கால்ல சுத்தும்.

கால்ல சுத்திறது எண்டு சொல்லேக்க, பஞ்சும் வேண்டாம். நிறையப் பேர் மெத்தெண்டு இருக்கும் எண்டு பஞ்சு வைச்சுக் குடுக்கினம், கடையிலயும் கலர் பஞ்சு விக்கினம். அதின்ர நார் விரலில இறுகி ரத்த ஓட்டத்தை நிப்பாட்டும், கன்னப்பைக்குள்ளயும் சிக்கும். வாசமில்லாத வெள்ளை டிஷ்யூவை நீட்டு நீட்டாக் கிழிச்சுக் குடுங்கோ, அதுவே ஒரு விளையாட்டு. ஒரு நாள் நாலு துண்டை மட்டும் கூட்டின்ர மற்ற மூலையில போட்டிட்டுப் பாத்தன், ஒவ்வொண்டா வாய்க்குள்ள திணிச்சு, கன்னம் பொம்மிக்கொண்டு, கூட்டைச் சுத்திக் கொண்டுபோய்ப் படுக்கையில விரிச்சவர்.

இனி என்ர பெருமைக்குரிய சாமான், தயிர்ச்சட்டி. எருமைத்தயிர் வாங்கிற மண்சட்டி ஒவ்வொரு வீட்டிலயும் குசினித் தட்டுக்கு மேல நாலு அடுக்கிக் கிடக்கும், எறியவும் மனமில்லை, வைச்சிருக்கவும் இடமில்லை. ஒரு லீற்றர் சட்டி ஒண்டை எடுத்து முதல் சுடுதண்ணியில ஒரு இரவு ஊறவிடுங்கோ. சவர்க்காரம் போடாதேங்கோ, பூச்சுப் பூசாத மண் சவர்க்காரத்தைக் குடிச்சிடும், பிறகு வெளிய வராது. தும்பால தேச்சு, தண்ணி மாத்தி, தயிர் மணம் போகுமட்டும் கழுவி, ரெண்டு நாள் வெயிலில வையுங்கோ. விளிம்பில சிம்பு கிளம்பியிருந்தா சாண்ட்பேப்பரால தேயுங்கோ.

இந்தச் சட்டிக்கு ரெண்டு வேலை இருக்கு. நிமித்தி வைச்சா மணல் குளிக்கிற தொட்டி. ஹாம்ஸ்டரைத் தண்ணியில குளிப்பாட்டக்கூடாது எண்டு எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைக்கிறன், தெரியாட்டி இப்ப தெரிஞ்சுகொள்ளுங்கோ, மணலில பிரண்டுதான் அவை மயிரைத் துப்பரவாக்கிறது. 3, 4 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் காணும். மணலுக்கு வெள்ளவத்தை பீச்சுக்கு வாளியோட போயிடாதேங்கோ, உப்பும் கழிவும் எல்லாம் கலந்தது அது. கட்டிட வேலைக்கு வாற ஆத்து மணலில ரெண்டு கிலோ கேட்டா சும்மாவே தருவினம், அரிதட்டால அரிச்சுக் கல்லை எடுத்து, தண்ணி தெளிவா வருமட்டும் கழுவி, காயவிட்டு, பழைய தாச்சியில போட்டு நல்லா வறுத்து ஆறவிட வேணும். கழுவிற வேலையில அலுப்புப் படாதேங்கோ, தூசு தான் பிரச்சினை, மாவு மாதிரி நைசா இருக்கிற தூள் எல்லாம் நெஞ்சுக்குள்ள போகும், அதால கடையில வாங்கிற ஆக்களுக்கும் இதே புத்திதான் சொல்லுவன், பெயர் சாண்ட் (மணல்) எண்டு இருக்கோ டஸ்ட் (தூள்) எண்டு இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ, டஸ்ட் வேண்டாம்.

நான் மணல் வறுத்த அண்டைக்கு அம்மா ஊரில இருந்து வந்து நிண்டவ. குசினிக்குள்ள எட்டிப் பாத்திட்டு "என்ன பிள்ளை, கச்சான் வறுக்கிறியோ?" எண்டு கேட்டா. மணலுக்குள்ள கச்சானைத் தேடியும் பாத்தவ. விசயத்தைச் சொன்னன். "எலிக்குக் குளிக்க மணல் வறுக்கிறியோ, எங்கட காலத்தில எலிக்குப் பொறி தானே வைச்சனாங்கள்" எண்டிட்டுப் போனவ, அடுத்த நாள் காலமை சட்டிக்கு முன்னால கதிரை போட்டு இருந்து அவர் பிரளுறதைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தா. இப்ப டெலிஃபோன் எடுத்தா எனக்கு முதல் அவரைத்தான் விசாரிக்கிறது.

மற்ற வேலை, சட்டியைச் சரிச்சு வைச்சா குளிர்ச்சியான குகை. கொழும்பில இது சின்ன விசயமில்லை. ஹாம்ஸ்டருக்கு 20இல இருந்து 24 பாகை வரைக்கும் தான் சுகம், எங்களுக்கு மத்தியானத்தில 30 தாண்டும், ஏசி எல்லா வீட்டிலயும் இல்லை. மண்சட்டி உள்ளுக்க குளிரா இருக்கும். அதோட தளம் போட்டு மிஞ்சின டைல்ஸ் துண்டு ஒண்டை அரை மணித்தியாலம் ஃப்ரிட்ஜில வைச்சு மூலையில வைச்சு விடுங்கோ, வேணுமெண்டா போய்ப் படுப்பார், வேண்டாமெண்டா விலகுவார். ஃபானை நேராக் கூட்டுக்குத் திருப்பாதேங்கோ. 2022ல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாளுகளில வளத்த ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, சட்டியும் டைல்ஸும் தான் காப்பாத்தினது எண்டு சொல்லுவினம். சோந்து போய்த் தட்டையாக் கிடந்து, வாயால மூச்சு வாங்கி, வீணி வடிஞ்சா அது வெக்கை அடிச்சது, அப்ப விளையாட்டுச் சாமானைப் பற்றி யோசிக்காம குளிரான அறைக்கு மாத்தி மிருக வைத்தியருக்குக் கோல் எடுங்கோ.

ஒரு முக்கியமான விசயம், சட்டி பாரமான சாமான். பெடிங்குக்கு மேல வைக்காதேங்கோ. இவர் அடியால சுரங்கம் தோண்டிக்கொண்டு போவார், சட்டி இறங்கி மேல விழும். கூட்டின்ர அடித்தளத்தில முதல் சட்டியை வைச்சிட்டு அதைச் சுத்திப் பெடிங் போட வேணும். ஆழமாப் போடுற கூடு எண்டா நாலு மரக்குத்தி கால் மாதிரி வைச்சு அதுக்கு மேல ஒரு பலகை, பலகைக்கு மேல சட்டி.

சிரட்டை வீடு பற்றிக் கேக்கிற ஆக்கள் கன பேர். தங்கச்சி வீட்டில தெஹிவளையில ட்வார்ஃப் ரெண்டு இருக்கு (வேற வேறக் கூட்டில, ஒண்டா வைச்சா அடிபடுங்கள், சிரியனை எண்டா ஒருநாளும் சோடி சேக்கவே கூடாது), அவைக்குச் சிரட்டை அளவெடுத்துத் தைச்ச மாதிரி. சிரியனுக்குச் சின்னன், வளந்த சிரியன் 15 சென்ரிமீற்றர் போல வரும், சிரட்டைக்குள்ள மடங்கித்தான் இருக்க வேணும். தேங்காய் துருவின கையோட கண் இல்லாத பாதியை எடுத்து வையுங்கோ. மிச்சப் பூவைக் கரண்டியால சுரண்டி எடுக்காட்டி ரெண்டு நாளில காறல் மணம் அடிக்கும், எறும்பும் வரும். பத்து நிமிசம் அவிச்சு, காயவிட்டு, விளிம்பில 5 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வளைவாப் பென்சிலால கீறி, ஹக்சோ பிளேட்டால ரெண்டு பக்கமும் வெட்டி நடுவைக் குறடால முறிச்சு எடுக்கலாம். பிறகு சாண்ட்பேப்பர், கையை உள்ளுக்க விட்டுத் தடவிப் பாத்து ஒண்டும் குத்தேல்ல எண்டா சரி. வெளித் தும்பைக் கொஞ்சம் விடலாம், ஏறிறதுக்குப் பிடி கிடைக்கும், ஆனா நீட்டு நீட்டாத் தொங்கக்கூடாது.

சிரியனுக்கு வீடு வேணுமெண்டா காட்போட் பெட்டி தான் ராசா. மண்ணிறச் சாதாரணப் பெட்டி எடுங்கோ, பளபளப்பா அச்சடிச்சதும் உள்ளுக்க வெள்ளித்தாள் ஒட்டினதும் வேண்டாம், பால்மாப் பெட்டியளில அது இருக்கும். புறக்கோட்டைப் பக்கம் போனா கடை வாசல்களில பெட்டி குவிஞ்சு கிடக்கும், கேட்டா எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு சொல்லுவினம், மீன் மரக்கறி வந்த பெட்டியை மட்டும் எடுக்காதேங்கோ. அடியை வெட்டி எறியுங்கோ, அடி இல்லாம இருந்தாத்தான் உள்ளுக்க இருந்தே தோண்டுவார். உள்ளுக்க ரெண்டு மட்டை குறுக்கால செருகி மூண்டு அறை ஆக்குங்கோ, ஒவ்வொரு மட்டையிலயும் 7 சென்ரிமீற்றர் வாசல், ஆனா வாசல் எல்லாம் ஒரே நேரா வராம ஒண்டு இடப்பக்கம் ஒண்டு வலப்பக்கம். மேல் மூடி கழட்டிற மாதிரி விடுங்கோ, ஒட்டாதேங்கோ. எங்கட கடலை ஒரு அறையைப் படுக்கையாவும் ஒண்டைக் களஞ்சியமாவும் மற்றதைக் கக்கூசாவும் ஆக்கிவைச்சிருக்கிறார், ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல.

சாப்பாட்டைக் கிண்ணத்தில போடுறதைக் குறைக்கிறதும் ஒரு விளையாட்டுத்தான். விதையைப் பெடிங்குக்கு மேல தூவி விட்டா அரை மணித்தியாலம் மூக்கை வைச்சுத் தேடிக்கொண்டு திரிவார். முட்டை மட்டையில நாலு குழி வெட்டி (முட்டை உடைஞ்ச கறை இருந்தா அந்த மட்டையைத் தொடாதேங்கோ, கிருமி இருக்கும்) ஒவ்வொரு குழியிலயும் ரெண்டு விதையை வைச்சு மேல கசக்கின டிஷ்யூவைத் திணியுங்கோ. வெட்டாத டொய்லெட் ரோலுக்கு இப்ப ஒரு வேலை இருக்கு, 2 சென்ரிமீற்றர் அகலத்தில வளையம் வளையமா வெட்டி, மூண்டு வளையத்தை ஒண்டுக்குள்ள ஒண்டு குறுக்கால செருகினா ஒரு பந்து வரும், உள்ளுக்க டிஷ்யூவும் விதையும். ஒட்டவும் தேவையில்லை. அவர் அதைப் பிச்சு எறிய ஒரு நாள் காணும், அடுத்த ரோல் வரும்வரைக்கும் பொறுக்க வேண்டியது தான். தினைக்கதிர் கிடைச்சா ஒண்டை நட்டு விடுங்கோ, எட்டி எட்டி இழுப்பார். கச்சான் குடுக்கிறதெண்டா உப்புப் போடாத கோதோட இருக்கிறது, கிழமைக்கு ஒண்டு ரெண்டு, கோதை உடைக்கிறதே பாதி விளையாட்டு.

கடிக்கிறதுக்கு. அவையின்ர முன்பல்லு சாகும்வரைக்கும் வளரும், தேய ஏதும் வேணும். கொய்யாக் கொப்பு நல்லது, மருந்தடிக்காத மரத்தில விரல் மொத்தத்தில ஒண்டை வெட்டி, கழுவி, ஒரு கிழமை காய விடுங்கோ, பட்டையோடயே குடுக்கலாம். தோடை எலுமிச்சை மாதிரிப் புளி இனமும் பால் வாற மரமும் வேண்டாம், மாவிலயும் பால் இருக்கு, அதால மாங்கொப்பையும் விடுங்கோ. ஐஸ்பழக் குச்சியைச் சேத்து வைச்சிருந்தா அவிச்சுக் காயவிட்டு, மாப் பசையால ஏணியோ பாலமோ ஒட்டலாம், கலர் சாயம் பிடிச்ச குச்சியைத் தள்ளிவிடுங்கோ. பாலம் 10 சென்ரிமீற்றருக்கு மேல உயரமா வேண்டாம், ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை குறைவு, உயரத்தை மட்டுக்கட்டத் தெரியாது, விளிம்பில வந்து அப்பிடியே நடந்து விழும்.

அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து கொண்டு வந்த பனையோலைப் பெட்டி ஒண்டு, சாயம் போடாதது, பலகாரம் வைச்சுத் தந்தது, வெறுமையாக் கிடந்தது. அதைக் கவுட்டு ஒரு பக்கம் வெட்டி வைச்சன். எல்லாத்தையும் விட அவருக்கு அதுதான் பிடிச்சது. ஓலையைப் பல்லால நார் நாரா உரிச்சுப் படுக்கையில போட்டு, ஒரு மாசத்தில பெட்டியின்ர கூரை மட்டும் மிச்சம். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல.

வீட்டில செய்யவே கூடாத ஒண்டு எண்டா சுத்திற சில்லு. நானும் ஐஸ்கிறீம் வாளி மூடியால முயற்சி பண்ணினனான், இரவு முழுக்கக் கிறீச் கிறீச் எண்டு ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்ல, விடிய அச்சு கழண்டு கிடந்தது. வாங்குங்கோ. சிரியனுக்கு 28 சென்ரிமீற்றர், ட்வார்ஃபுக்கு 20, ஓடுற தளம் கம்பி இல்லாம மூடினதா இருக்க வேணும். ஓடேக்க முதுகு வளைஞ்சு தலை மேல தூக்கினா சில்லு சின்னன் எண்டு அர்த்தம். உருட்டிற பிளாஸ்டிக் பந்துக்குள்ள போட்டு வீடெல்லாம் விடுறதும் வேண்டாம், உள்ளுக்க காத்தும் காணாது, எங்க முட்டுறன் எண்டும் தெரியாம அந்தரிக்கும்.

கொழும்பில ரெண்டு எதிரி இருக்கு. ஒண்டு எறும்பு. ஒளிச்சு வைச்ச பழத்துண்டு கரட் துண்டு எல்லாத்தையும் விடிய எடுத்திடுங்கோ, காஞ்ச விதையை விடலாம். கூடு மேசையில இருந்தா மேசைக்கால் நாலையும் தண்ணி விட்ட மூடிக்குள்ள வையுங்கோ, சீனிப் போத்தலுக்குச் செய்யிற அதே வேலை. எறும்புச் சோக்கு கீறாதேங்கோ, கூட்டுக்குப் பக்கத்திலயும் வேண்டாம். மற்றது பூஞ்சணம், மழை பிடிச்ச நேரம் மே மாசமும் ஒக்டோபரும் காட்போட் ரெண்டு கிழமைக்கு மேல நிக்காது, மூத்திரம் பட்ட பக்கம் மெத்தெண்டு வந்தா எறிஞ்சிட்டுப் புதுசு. மட்டை தானே, என்ன செலவு.

ஆனா ஒரே நாளில எல்லாத்தையும் மாத்தாதேங்கோ. அவைக்கு வீடு எண்டுறது மணம். எல்லாத்தையும் கழுவிப் புதுசா அடுக்கினா வேற ஆற்றயோ வீட்டில விட்ட மாதிரித் திகைச்சுப்போய்க் கம்பியைக் கடிக்கத் தொடங்கும். கிழமைக்கு ஒரு சாமான் மாத்துங்கோ, பெடிங் மாத்தேக்க பழசில ஒரு பங்கை எடுத்துத் திருப்பிப் போடுங்கோ. கம்பியை எப்பவும் கடிக்கிற ஆள் எண்டா விளையாட்டுச் சாமான் மட்டும் காணாது, கூடு சின்னன், 100க்கு 50 சென்ரிமீற்றர் தரை எண்டாலும் வேணும், பெரிய பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் பெட்டியில மூடியை வெட்டி வலை அடிச்சுச் செய்யலாம், அது தனிக் கதை.

புதுச் சாமானைப் பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு வையுங்கோ, பகலில நித்திரையால எழுப்பிக் காட்டினா கடி தான் கிடைக்கும். வைச்ச முதல் இரவு கிட்டவும் வராட்டிக் கவலைப்படாதேங்கோ. மகள் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து காட்போட்டில நல்லூர்க் கோபுரம் மாதிரி ஒண்டு செய்தவ, அஞ்சு அடுக்கு, 7 சென்ரிமீற்றர் வாசல், எல்லாம் மாப் பசை. மூண்டு நாள் அவர் திரும்பியும் பாக்கேல்ல, பிள்ளைக்கு முகம் வாடிப்போச்சு. பிறகு அவற்ர பழைய படுக்கையில ஒரு பிடி எடுத்து வாசலில தேச்சு, உள்ளுக்க ஒரு பூசணி விதையும் வைச்சு விட்டம். நாலாம் நாள் விடிய எழும்பிப் பாத்தா கீழ் ரெண்டு அடுக்கைக் காணேல்ல, மேல் மூண்டும் பெடிங்குக்குள்ள சரிஞ்சு கிடக்க, அதுக்கு உள்ளுக்க இருந்து குறட்டைச் சத்தம்.